மலைக் கட்டங்களில் அணிகள் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூலையிலும் பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் நடக்கும் மூன்று வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை எங்களோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்கள், கோவளம் அருகே தேநீருக்கு நிற்கும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு கட்டம்; மலைக் கட்டங்கள் நம் நேரப்படி இரவு 9 மணி வாக்கில் முடிகின்றன. முந்தைய இரவு எழுந்த சந்தேகம் விடியும்வரை ஆறுவதில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

"சைக்கிள் தனி ஆள் விளையாட்டுதானே? ஒருத்தர்தான் மஞ்சள் சட்டை போடுறார். அப்புறம் எதுக்கு அணி?"

டூரில் ஓர் அணிக்கு 8 வீரர்கள். 2018க்கு முன்பு 9 பேர். 21 கட்டங்களின் மொத்த நேரம் யாருக்கு மிகக் குறைவோ, அவருக்கே மஞ்சள் சட்டை. அந்த எட்டுப் பேரில் ஒருவரோ, சில அணிகளில் இருவரோதான் அந்தச் சட்டையைக் குறிவைத்து ஓட்டுகிறார்கள். மற்றவர்கள் தலைவரின் நேரத்தைக் காப்பதற்காகத் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுப்பவர்கள். பிரெஞ்சு மொழியில் இவர்களுக்கு 'டொமெஸ்டிக்' என்று பெயர். பணியாள் என்று பொருள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை என்பதால் இங்கே துணைவீரர் என்றே எழுதுகிறேன். தலைவர் வெல்லும் பரிசுப் பணத்தை அணியினரோடு பகிர்ந்துகொள்வது நெடுநாள் வழக்கம்.

துணைவீரர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 1934ஆம் ஆண்டு டூரைத்தான். பிரெனே மலைகளில் தன் அணித் தலைவர் அன்டோனின் மான்யேவின் சக்கரம் உடைந்தபோது, 20 வயதே ஆன ரெனே வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரக் கற்சுவர் ஒன்றில் அமர்ந்து அவர் அழுத புகைப்படம் இன்றும் இருக்கிறது. அந்த ஆண்டு டூரை மான்யே வென்றார். வியெத்தோ ஒருமுறைகூட வெல்லவில்லை.

"மலை ஏறும்போது வேகமே இல்லையே. அங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போறதுல என்ன லாபம்?"

நியாயமான கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியே பின்னால் ஓட்டியவர்களுக்கு லாபத்தின் அளவு உடம்பிலேயே தெரியும். சமதரையில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும்போது மிதிக்கும் சக்தியில் மிகப் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. வேகம் இருமடங்கானால் காற்றைக் கடக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது.

8 சதவீதச் சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறும் 60 கிலோ வீரருக்கோ கணக்கு தலைகீழ். உடலையும் சைக்கிளையும் மேலே தூக்குவதற்குத்தான் பெரும்பங்கு போகிறது. காற்றுக்குப் போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதில் ஒரு பகுதியைத்தான் முன்னால் போகிறவர் மிச்சப்படுத்தித் தர முடியும். ஆனாலும் ஆல்ப் டுவெஸ் போன்ற ஏற்றத்தை, அதாவது 13.8 கி.மீ. நீளமும் சராசரி 8.1 சதவீதச் சரிவும் உள்ள பாதையை, தாங்கும் எல்லையின் விளிம்பிலேயே 40 நிமிடம் ஓட்டும் ஒருவருக்குப் பத்து வாட் மிச்சம் என்பது சிறிய விஷயம் இல்லை. மேலும், மலையில் அணி இருப்பது காற்றுக்காக மட்டுமல்ல. எதிரணித் தலைவரைத் துணையில்லாமல் தனியாக்குவதே அதன் முதல் வேலை. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே இருக்கும்.

"ஒரே சட்டை போட்டவங்க வரிசையா இழுக்கிறாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா கழன்டுடறாங்க. களைச்சுப் போயிட்டாங்களா?"

களைத்துத்தான் போகிறார்கள், ஆனால் திட்டமிட்டபடி. பள்ளத்தாக்குச் சமதரையில் உடல் பருத்த, பலமான வீரர்கள் இழுப்பார்கள். அடிவாரம் வந்ததும் அவர்கள் வேலை முடிந்தது. பிறகு ஏற்றக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சில கிலோமீட்டர் தூரம் தங்களால் முடிந்த உச்ச வேகத்தில் இழுத்துவிட்டு ஒதுங்குவார்கள். மிகச் சிறந்த துணைவீரர் கடைசிக்கு வைக்கப்படுவார். ஒதுங்கியவர் அதற்குமேல் ஒரு துளியும் வீணாக்காமல் மெதுவாக மேலே வருவார், ஏனென்றால் நாளையும் அவருக்கு இதே வேலை காத்திருக்கிறது.

ரயில் பெட்டிகள்போல வரிசையாக இழுக்கும் இந்த ரயில் முறையால் இரண்டு பலன்கள் உண்டு. முதலாவது, வேகம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது யாராவது தாக்க, அதாவது திடீரென வேகமெடுத்துப் பிரிந்து போக, நினைத்தால், அவர் தன் எல்லையை வெகுதூரம் தாண்டியாக வேண்டும்; தாண்டினாலும் இரண்டு நிமிடத்தில் ரயில் அவரை நிதானமாகப் பிடித்துவிடும். இரண்டாவது, எதிரணித் துணைவீரர்கள் அந்த வேகத்தில் ஒவ்வொருவராக உதிர்ந்துவிடுவார்கள். ஸ்கை அணியும், அதுவே 2019இல் பெயர் மாறிய இனியாஸ் அணியும் 2012 முதல் 2019 வரை, 2014 நீங்கலாக, எல்லா டூர்களையும் வென்றதில் இந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. பார்ப்பதற்கு அலுப்பாக இருக்கிறது என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னால் இழுப்பவரைவிட, ஐந்தாவது ஆறாவது இடத்தில் இருக்கும் எதிரணி வீரரின் தோள்களைக் கவனித்துப் பாருங்கள். அவை ஆடத் தொடங்கும் கணம்தான் அந்த ரயில் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

"ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஆளுங்க காலையிலேயே ஏன் முன்னாடி ஓடிடறாங்க?"

சிலர் அந்த நாளின் கட்ட வெற்றிக்காக ஓடுகிறார்கள், சிலர் மலை உச்சிகளில் தரப்படும் புள்ளிகளில் முன்னிலை வகிப்பவர் அணியும் சிவப்புப் பொட்டுச் சட்டைக்காக. ஆனால் பெரிய அணியின் பலமான துணைவீரர் ஒருவர் முன்குழுவில் இருந்தால், அவர் பெரும்பாலும் தன் தலைவருக்காக அனுப்பப்பட்டவர். தலைவர் பின்னாலிருந்து தாக்கி மலையைத் தாண்டி வரும்போது, அப்பால் இருக்கும் பள்ளத்தாக்கில் அவரை இழுக்க ஓர் ஆள் தயாராக நிற்க வேண்டும். அதற்குத்தான் முன்கூட்டிய பயணம். 2011 டூரின் 18ஆம் கட்டத்தில் ஆண்டி ஷ்லெக் இசுவார் கணவாயில், முடிவுக்கு ஏறக்குறைய 60 கி.மீ. முன்பாகவே பாய்ந்தபோது, அவருடைய அணியினர் இருவர் அப்படி முன்னால் காத்திருந்தார்கள். கலிபியே உச்சியில் அவர் வென்றார்.

நான் பார்த்தவற்றில் மிக அழகாக அமைந்தது, இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவின் (சுருக்கமாக ஜீரோ) 2025ஆம் ஆண்டு 20ஆம் கட்டம். முதலிடத்தில் இருந்த இசாக் டெல் டோரோவைவிட சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 வினாடி பின்தங்கியிருந்தார். அவருடைய விஸ்மா அணி வவுட் வான் ஆர்ட்டை முன்குழுவோடு அனுப்பியிருந்தது. ஃபினஸ்ட்ரே கணவாய் 18 கி.மீ.க்கும் மேலான ஏற்றம். மேற்பகுதியின் 8 கி.மீ. தார் போடாத சரளைப் பாதை. அதில் யேட்ஸ் தனியாகப் பிரிந்து உச்சியைக் கடந்து இறங்கியபோது, கீழே வான் ஆர்ட் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தார். தோற்றத்திலேயே இருவருக்கும் பெரிய வித்தியாசம்: உயரமான, அகன்ற முதுகுடைய வான் ஆர்ட்டின் பின்னால் மெலிந்த யேட்ஸ் கிட்டத்தட்ட மறைந்தே போனார். மலையில் கிடைத்த இடைவெளி அந்தப் பள்ளத்தாக்கில் பல மடங்கானது. மறுநாள் ரோமில் யேட்ஸ் 3 நிமிடம் 56 வினாடி வித்தியாசத்தில் ஜீரோவை வென்றார். 2018இல் இதே ஃபினஸ்ட்ரேயில்தான் தலைவர் சட்டையுடன் இருந்த அவர் நிலைகுலைந்து 38 நிமிடங்களுக்கும் மேல் இழந்திருந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மாலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஒரே அணியில ரெண்டு தலைவர் இருந்தா சண்டைதானே வரும்?"

சில நேரம் வரும். ஆனால் இருவரும் ஒத்துழைத்தால் எதிராளிக்கு அதைவிடக் கொடுமையான நிலை வேறில்லை. 2022 டூரின் 11ஆம் கட்டத்தில், மஞ்சள் சட்டையில் இருந்த தாதே போகச்சாருக்கு எதிராக யும்போ விஸ்மா அணியின் (மேலே சொன்ன விஸ்மா அணியின் அன்றைய பெயர்) பிரிமோஸ் ரோக்லிச்சும் யோனாஸ் விங்கெகோரும் கலிபியே பக்கத்திலேயே மாறி மாறித் தாக்கினார்கள். ஒருவர் பாய்வார், போகச்சார் துரத்திப் பிடிப்பார். பிடித்த கணமே மற்றவர் பாய்வார். தாக்குகிறவர்கள் முறைவைத்து ஓய்வெடுத்தார்கள், துரத்துகிறவருக்கு ஓய்வே இல்லை. அவருடைய அணி நோய்த்தொற்றால் ஏற்கெனவே இரண்டு துணைவீரர்களை இழந்திருந்தது.

அந்த நேரத்தில் போகச்சார் சளைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார் என்பதால் பார்த்த பலருக்கு அந்தத் தாக்குதல் வீண் என்று தோன்றியது. விலை பிறகுதான் தெரிந்தது. கடைசி ஏற்றமான கிரானோனில், 11 கி.மீ. நீளமும் 9 சதவீதத்துக்கு மேல் சரிவும் உள்ள அந்த ஒடுங்கிய பாதையில், ஏறக்குறைய 5 கி.மீ. மீதமிருந்தபோது விங்கெகோர் எழுந்து மிதித்தார். போகச்சாரால் நகர முடியவில்லை. அவர் இழந்தது 2 நிமிடம் 51 வினாடி. டூரின் இறுதி வித்தியாசம் 2 நிமிடம் 43 வினாடி. ரோக்லிச்சும் அன்று நேரத்தைப் பெருமளவில் இழந்தார். தன் வாய்ப்பை அவர் செலவழித்ததால்தான் விங்கெகோரின் வாய்ப்பு உருவானது.

"முன்னாடி ஒருத்தர் தனியா போயிட்டார். பின்னாடி இருக்கிறவங்க சேர்ந்து துரத்தினா பிடிச்சிடலாமே, ஏன் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்காங்க?"

துரத்துகிறவருக்கு ஏற்படும் செலவை மற்றவர் இலவசமாக அனுபவிப்பார் என்பதே காரணம். மேலே சொன்ன 2025 ஃபினஸ்ட்ரேயில் டெல் டோரோவும் ரிச்சர்ட் கராபசும் ஒன்றாக இருந்தார்கள். கராபஸ் இரண்டாம் இடம், யேட்ஸ் மூன்றாம் இடம். தலைவர் சட்டை வைத்திருப்பவர்தான் துரத்த வேண்டும் என்பது கராபசின் கணக்கு. தான் இழுத்தால் பின்னாலிருக்கும் கராபஸ் கடைசியில் தாக்குவார் என்பது டெல் டோரோவின் கணக்கு. இரண்டு கணக்கும் தனித்தனியே சரிதான். இருவரும் தோற்றார்கள்.

ஒரு துணைவீரர் உடனிருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். அவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதால் தயங்காமல் இழுப்பார். எதிரணித் தலைவரைத் தனியாக்குவது முதல் வேலை என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான். இதற்கு மாறாக 2011இல் ஷ்லெக் பாய்ந்த அந்த நாளில், கேடல் எவன்ஸ் மற்றவர்கள் உதவுவார்களா என்று காத்திருக்காமல் கலிபியே ஏற்றம் நெடுக, பலரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு, தானே துரத்தினார். நான்கு நிமிடத்தைத் தாண்டிப் போன இடைவெளி இரண்டேகால் நிமிடமாகக் குறைந்தது. அந்த டூரை அவர்தான் வென்றார்.

"தண்ணி, சாப்பாடு இதெல்லாம் தந்திரத்துல சேருமா?"

சேரும். இன்றைய வீரர்கள் கடினமான நாளில் மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து எடுக்கிறார்கள். ஒரு வேளை தவறினால் கடைசி ஏற்றத்தில் தெரியும். துணைவீரர் அணி வண்டிக்குத் திரும்பிப்போய் சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு ஏற்றத்தில் மீண்டும் முன்னேறுவது, பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் மிகக் கடுமையான வேலை. 2018 ஜீரோவில் கிறிஸ் ஃப்ரூம் ஃபினஸ்ட்ரேயிலிருந்து 80 கி.மீ. தனியாக ஓட்டி வென்ற நாளில், அவருடைய அணி பாதை நெடுகிலும் குறித்த இடங்களில் ஆட்களை நிறுத்தி உணவும் தண்ணீரும் கொடுத்தது. தனி ஆளின் சாகசம் என்று நினைவுகூரப்படும் அந்த நாளுக்குப் பின்னால் முதல்நாள் இரவு போட்ட கணக்கு இருக்கிறது.

"துணைவீரர் தலைவரைவிட பலமா இருந்தா என்ன ஆகும்?"

மிகவும் நுட்பமான நிலை அது. 2012 டூரில் லா துசுயிர் ஏற்றத்தில் ஃப்ரூம் தன் தலைவர் பிராட்லி விக்கின்ஸைவிட்டு முன்னேறினார். காதில் பொருத்திய வானொலியில் அணியின் உத்தரவு வந்ததும் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். விக்கின்ஸ் வென்றார், ஃப்ரூம் இரண்டாமிடம். அடுத்த ஆண்டு அவருடைய முறை வந்தது. தலைமை முன்பே முடிவான பிறகு, பாதையில் அதை மாற்றினால் மீதி ஆறு பேரும் யாருக்காக இழுப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். ஆகவே ஃப்ரூம் காத்திருந்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் 2023இல் நடந்ததைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அந்த ஆண்டு ஜீரோவில் ரோக்லிச்சுக்காகவும் டூரில் விங்கெகோருக்காகவும் உழைத்த செப் குஸ், வுவெல்டாவின் 6ஆம் கட்டத்தில் முன்குழுவில் போய் வென்று, பிறகு தலைவர் சட்டையையும் அணிந்தார். 17ஆம் கட்டத்தில் ஆங்லிரு ஏற்றத்தின் மேல்பகுதியில் அவருடைய சொந்த அணியின் ரோக்லிச்சும் விங்கெகோரும் அவரை விட்டுவிட்டு முன்னால் போனார்கள். அவர் அருகில் இருந்து வேகம் கொடுத்தவர் எதிரணியின் மிக்கேல் லாண்டா. குஸ்ஸிடம் மிஞ்சியது 8 வினாடி முன்னிலை. எதிரிகள் யாரும் நெருங்காத நிலையில் அது தேவையற்ற வேலை. அதன் பிறகு அணி அவரைக் காப்பதென்று முடிவெடுத்தது, அவர் வென்றார், மற்ற இருவரும் அடுத்த இரு இடங்களைப் பிடித்தார்கள்.

"கடைசியில கூட்டமா வர்றவங்க யாரு? அவங்களுக்கும் தந்திரம் உண்டா?"

உண்டு. சமதரை முடிவுகளில் கடைசி நேரப் பாய்ச்சலுக்குப் பேர்போன ஸ்பிரிண்டர்களும் வேலை முடித்த துணைவீரர்களும் அணி பேதமின்றிச் சேர்ந்து ஓட்டும் அந்தக் கூட்டத்துக்கு 'குருப்பெட்டோ' என்று பெயர். வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக் கால வரம்பு வைக்கப்படும். அதற்குள் வராதவர் வெளியேற்றப்படுவார். எனவே ஏற்றத்தில் சீராகவும் பள்ளத்தாக்கில் ஒத்துழைத்தும் நிமிடக் கணக்குப் பார்த்து ஓட்டுவார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் நடுவர்கள் மன்னிக்கவும் வாய்ப்புண்டு. ஷ்லெக் வென்ற அந்த 2011 நாளில் 88 பேர் வரம்பைத் தாண்டி வந்தும் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷுக்கு, பச்சைச் சட்டைப் போட்டிக்காக அவர் சேர்த்திருந்த புள்ளிகளில் 20 மட்டும் கழிக்கப்பட்டன.

"இவ்வளவு தந்திரம் பேசறீங்க. ஆனா போகச்சார் மாதிரி ஒருத்தர் வந்தா எல்லாம் வீண்தானே?"

பெருமளவுக்கு ஆம். 2024 டூரின் 15ஆம் கட்டத்தில் விஸ்மா அணி நாள் முழுவதும் வேகத்தை உயர்த்தி, பிளாட்டோ டி பெய் ஏற்றத்தில் ஏறக்குறைய 10 கி.மீ. மீதமிருக்கும்போது விங்கெகோரைத் தாக்கவிட்டது. போகச்சார் அவர் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பிறகு தானே பாய்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். எதிராளியைக் களைக்கவைக்கப் போட்ட ரயில் எதிராளிக்கே பயன்பட்டது. திட்டத்தில் தவறு இல்லை. அன்று யார் பலமானவர் என்ற கணிப்பு தவறு.

ஆனால் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். 2022 கிரானோனில் தோற்றவரும் இதே போகச்சார்தான். ஒரு தடவை தாக்கினால் அவர் பதில் சொல்லிவிடுவார். வெப்பம், உயரம், உணவு, துணையின்மை எல்லாம் ஒரே நாளில் கூடிவரும்படி செய்வதற்கு அணி வேண்டும். அப்படிப்பட்ட நாள் மூன்று வாரத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும்.

"அண்ணா, நாம ஏலகிரி ஏறும்போது இதுல எது உதவும்?"

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கியவை. ஆல்ப் டுவெஸின் 21 வளைவுகளில் அங்கே வென்ற வீரர்களின் பெயர்கள் இருப்பதைப்போல. நாம் பந்தயம் ஓட்டவில்லை என்றாலும் ஒரு விஷயம் அப்படியே பொருந்தும்: ஏற்றத்தில் பின்னால் இருப்பவரின் லாபம் காற்றில் குறைவு, மனத்தில் அதிகம். போன முறை எங்களில் முதல் தடவையாக ஏறிய ஒருவர் ஐந்தாம் வளைவிலேயே இறங்கிவிடலாம் என்றார். அவருக்கு முன்னால் போய், அவர் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே, அது வேகமெடுக்கும்போதெல்லாம் ஒரு கியர் குறைத்து ஓட்டினேன். வேறெதையும் பார்க்காமல் என் பின் சக்கரத்தை மட்டும் பார்த்து வரச் சொன்னேன்.

ஆகவே குழுவில் பலமானவர் முதலில் உச்சிக்குப் போய்க் காத்திருக்க வேண்டாம். பலம் குறைந்தவருக்கு ஒரு சைக்கிள் முன்னால் இருக்கட்டும். அடிவாரத்தில் இரண்டு பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவுகளில் வெளிப்பக்கம் சரிவு குறைவு, ஆனால் மேலிருந்து இறங்கும் பேருந்துகள் அகலமாகத் திரும்பும். ஒலிப்பான் கேட்டால் உள்ளே ஒதுங்கிவிடுங்கள்.